பாஸ்வேர்டு ஸ்ட்ராங்காக இருந்தால் போதுமா... உங்கள் மெயிலின் நிஜச் சாவி யாரிடம் இருக்கிறது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. இன்ஜினீயரிங் கவுன்சலிங், கலைக் கல்லூரி விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் என்று வரிசை கட்டி நிற்கும் மாணவர்களிடம் சென்டர்காரர் கேட்கும் முதல் கேள்வி, "மெயில் ஐடி இருக்கா தம்பி?" என்பதுதான். "இல்லண்ணா" என்று பதில் வந்தால் இரண்டு நிமிடத்தில் அவரே ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிடுவார். பெயர், பிறந்த தேதி, பெயருக்குப் பின்னால் 123 சேர்த்து ஒரு பாஸ்வேர்டு. சரிபார்க்க மொபைல் எண் கேட்கும் இடத்தில்தான் சின்னச் சிக்கல். அப்பாவின் ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். வரிசையோ வாசல் வரை நிற்கிறது. "பரவால்ல, என் நம்பரையே போட்டுக்கலாம்" என்று சென்டர்காரர் தன் எண்ணைத் தட்டுவார். வேலை முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த மாணவருக்கு பாஸ்வேர்டு மறந்துபோகிறது. 'பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா?' என்பதை அழுத்தினால், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியும் ஓர் எண்ணுக்கு கோடு அனுப்பப்போவதாகத் திரை சொல்கிறது. அது யார் எண் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. சீட் ஒதுக்கீட்டைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் உறுதி செய்தாக வேண்டும். அது தொடர்பான தகவல் அந்த மெயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இது மறதியால் வந்த பிரச்னை போலத் தெரியும். உண்மையில் அந்தக் கணக்கு முதல் நாளிலிருந்தே அந்த மாணவருடையதாக இல்லை. மெயில் பாதுகாப்பு என்றாலே 'பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து பாஸ்வேர்டு வையுங்கள்' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாசல் கதவுக்கு எத்தனை பூட்டு போடுவது என்பது மட்டும்தான் பேச்சு. கொல்லைப்புறக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கொல்லைப்புறக் கதவின் பெயர்தான் ரெக்கவரி.

கூகுளுக்கு நீங்கள் யார்?

ஒரு ஜிமெயில் கணக்கு உங்களுடையது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? உங்கள் முகம் அதற்குத் தெரியாது. பாஸ்வேர்டும் மறந்துபோன பிறகு அதனிடம் மிச்சம் இருப்பவை சில தடயங்கள் மட்டுமே. பதிவுசெய்த ரெக்கவரி ஃபோன் எண், ரெக்கவரி மெயில், இதற்கு முன் லாக்-இன் செய்த கம்ப்யூட்டர் அல்லது மொபைல், வழக்கமாக எந்த இடத்திலிருந்து உள்ளே வருகிறீர்கள் என்பது. இவை ஒத்துப்போனால் கதவு திறக்கும். ஒத்துப்போகவில்லையென்றால், நீங்கள் அழுதாலும் திறக்காது.

இப்போது அந்த மாணவரின் கணக்கை மறுபடி பாருங்கள். எண் சென்டர்காரருடையது. கணக்கு தொடங்கிய கம்ப்யூட்டர் சென்டருடையது. லாக்-இன் ஆன இடமும் சென்டர்தான். ஆக, கூகுளின் கண்ணுக்கு உரிமையாளர் மாதிரித் தெரிவது சென்டர். வீட்டிலிருந்து புது மொபைலில் உள்ளே வர முயலும் மாணவர்தான் அதற்குச் சந்தேகப்படும்படியான ஆள்!

இதில் சென்டர்காரரை வில்லனாக்க ஒன்றும் இல்லை. அரசும் பள்ளியும் சொல்லித்தராத வேலையை, ஒரு விண்ணப்பத்துக்குச் சின்னத் தொகை வாங்கிக்கொண்டு அவர் செய்துகொடுக்கிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். கடையை மூடிவிட்டால்? எண்ணை மாற்றிவிட்டால்? சென்டரில் வேலை பார்க்கும் இன்னொருவர் நல்லவராக இல்லையென்றால்?

மெயில் போனால் மெயில் மட்டும் போவதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஷாப்பிங் ஆப், வேலைவாய்ப்புத் தளம் என்று எதன் பாஸ்வேர்டு மறந்தாலும் புதிதாக வைக்கும் லிங்க் வந்து விழும் இடம் மெயில்தான். ஒரு வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பதுபோல. பெட்டியைத் தூக்கிவிட்டால் அறை அறையாக உடைக்க வேண்டிய தேவையே இல்லை.

பாஸ்வேர்டை உடைக்காமலே உள்ளே வந்தவர்கள்

2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ மெயில் திறக்கப்பட்டது. செய்தவர் பெரிய ஹேக்கர் எல்லாம் இல்லை. 20 வயதுக் கல்லூரி மாணவர். பேலினின் பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியவற்றை இணையத்தில் தேடி எடுத்து, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான கேள்விகளுக்குப் பதிலாகக் கொடுத்தார். அவ்வளவுதான். 'உங்கள் முதல் பள்ளி எது?' என்ற கேள்விக்கு உண்மையான பதிலை வைத்திருப்பவர்கள், அதே பள்ளியின் பெயர் தங்கள் ஃபேஸ்புக் புரொஃபைலிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதைவிடக் கொடுமையானது மேட் ஹோனனுக்கு 2012 ஆகஸ்ட்டில் நடந்தது. இத்தனைக்கும் அவர் 'வயர்டு' என்ற தொழில்நுட்ப இதழில் எழுதுபவர். ஆசைப்பட்டு வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர் மட்டும்தான். அவரது ஜிமெயிலின் ரெக்கவரி பக்கத்துக்குப் போனார்கள். மாற்று மெயில் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி என்பது பாதி மறைத்த எழுத்துகளிலேயே தெரிந்துவிட்டது. அமேசான் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டுப் பேசி அவரது கணக்குக்குள் நுழைந்து, கிரெடிட் கார்டின் கடைசி நான்கு இலக்கத்தை எடுத்தார்கள். அந்த நான்கு இலக்கமும் வீட்டு முகவரியும் ஆப்பிளிடம் அடையாளச் சான்றாகச் செல்லுபடியாயின. ஒரு மணி நேரத்துக்குள் அவரது கூகுள் கணக்கு அழிக்கப்பட்டது. ஐஃபோன், ஐபேட், மேக்புக் மூன்றும் துடைத்து எடுக்கப்பட்டன. குழந்தையின் படங்கள் உட்பட. அவருடைய எந்தப் பாஸ்வேர்டையும் யாரும் யூகிக்கவில்லை, உடைக்கவில்லை. ஒரு கணக்கின் கொல்லைப்புறம் அடுத்த கணக்கின் வாசலாக இருந்தது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் அவர் போட்டிருக்கவில்லை.

எண் மாறினால் கணக்கும் மாறுமா?

நம் ஊரில் கொல்லைப்புறக் கதவு என்பது பெரும்பாலும் மொபைல் எண்தான். அந்த எண் நமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிட்டத்தட்ட வாடகை வீடு மாதிரிதான் அது. ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விட்ட ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் ஒரு கட்டத்தில் துண்டித்துவிடும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றிலும் டிராய் இதைத்தான் சொன்னது. அந்த 90 நாளுக்குப் பிறகு? அந்த எண் யாரோ ஒருவரின் புது சிம்மாகக் கடைக்கு வரலாம். உங்கள் மெயிலுக்கான கோடு அவருடைய ஃபோனில் 'டிங்' என்று வந்து விழும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல், அந்த நாட்டு நிறுவனங்கள் புதிதாக விற்பனைக்கு வைத்திருந்த 259 பழைய எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள், பழைய உரிமையாளரின் ஏதோ ஓர் இணையக் கணக்கோடு இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தன.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்னை கடுமையாகக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. துபாய், சிங்கப்பூர், குவைத் என்று வேலைக்குப் போகிறவர்கள். ஏறும்போது கையில் இருந்த இந்திய சிம்மை முதல் சில மாதம் ரீசார்ஜ் செய்கிறார்கள். அப்புறம், 'வாட்ஸ்அப்தான் இருக்கே' என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அங்கே ஃபோன் தொலைகிறது அல்லது உடைகிறது. புது மொபைலில் மெயிலைத் திறக்கப்போனால், கோடு இறந்துபோன இந்திய எண்ணுக்குப் போகிறது. பாஸ்போர்ட் ஸ்கேன், விசா நகல், வேலை ஒப்பந்தம் எல்லாம் அந்த மெயிலில். ஊரில் இருக்கும் மனைவியோ தம்பியோ எத்தனை கடை ஏறி இறங்கினாலும் துண்டிக்கப்பட்ட எண் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் பெட்டி கட்டும்போது செய்ய வேண்டிய வேலைகளில் ரெக்கவரி எண்ணை மாற்றுவதும் ஒன்று. ஊறுகாய் பாட்டிலை மறக்காதவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாஸ்வேர்டு பற்றி ஒரு பழைய தப்பு

பாஸ்வேர்டு முக்கியமே இல்லையா என்றால், முக்கியம்தான். ஆனால், நமக்குச் சொல்லித்தந்த விதிகளில் பாதி காலாவதியானவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, குறியீடு சேர் என்ற விதிகளுக்குப் பெரிய காரணம், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், ஓய்வுபெற்ற பிறகு 2017-ல், அதில் பெரும்பாலானவற்றுக்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். காரணம் எளிது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் 123-ஐ 124 ஆக்குவார்கள். குறியீடு கேட்டால் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போடுவார்கள். திருடுகிறவருக்கு இது தெரியாதா என்ன? அதே 2017-ல் வந்த நிஸ்டின் புதிய வழிகாட்டி, பாஸ்வேர்டு கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினாலே போதும். உங்களுக்கு மறக்காது, மற்றவருக்கு யூகிக்க வராது.

மாற்றவே கூடாத விதி ஒன்றுதான்: மெயிலுக்கு வைத்த பாஸ்வேர்டை வேறு எங்கும் வைக்காதீர்கள். 2013-ல் யாஹூவில் நடந்த திருட்டில் அதன் 300 கோடி கணக்குகளும் பாதிக்கப்பட்டன. அந்த நிறுவனம் முழு எண்ணிக்கையை ஒப்புக்கொண்டதே 2017-ல்தான். இப்படிக் கசிந்த மெயில்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பதே ஒரு தொழிலாக நடக்கிறது. ஏதோ ஒரு கூப்பன் தளத்துக்கும் ஜிமெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், உங்கள் மெயிலின் பாதுகாப்பு அந்தக் கூப்பன் தளத்தின் பாதுகாப்பு அளவுக்குத்தான்.

நோட்டில் எழுதி வைக்கலாமா என்று பலர் தயங்கிக் கேட்பார்கள். வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைப்பதில் பெரிய தப்பில்லை. இணையத் திருடர் உங்கள் பீரோவைத் திறக்கப்போவதில்லை. ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதுவதும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைப்பதும்தான் தப்பு.

சரி, என்னதான் பண்றது?

ஃபோனில் ஜிமெயிலைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, கூகுள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால் 'செக்யூரிட்டி' என்ற பகுதி இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது ரெக்கவரி ஃபோன். அங்கே இருக்கும் எண் இன்று உங்கள் கையில், ரீசார்ஜோடு, உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்குக் கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கிறது என்பதால், பழைய சிம்மை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டாம். அடுத்து ரெக்கவரி மெயில். அது கணவர், மனைவி, அக்கா என்று நம்பிக்கையானவருடையதாகவோ உங்களுடைய இன்னொரு மெயிலாகவோ இருக்கட்டும். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த மெயிலைப் போடாதீர்கள். படிப்போ வேலையோ முடிந்த பிறகு அது உங்கள் கையில் இருக்காது.

அதே பக்கத்தில் உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் போன பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் அதில் இன்னும் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வீட்டிலிருந்தே சைன்-அவுட் செய்துவிடலாம்.

பிறகு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். பாஸ்வேர்டு தெரிந்தாலும் இரண்டாவது சான்று இல்லாமல் உள்ளே வர முடியாது. எஸ்.எம்.எஸ் ஓடிபி இருப்பது இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால், மறுபடியும் அந்த வாடகை எண்ணைத்தான் நம்புகிறோம். உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியை அள்ளும் மோசடியும் இருக்கிறது. ஆத்தென்டிகேட்டர் ஆப் என்றால் சிக்னல்கூட வேண்டாம். வெளிநாட்டிலும் வேலை செய்யும். 2023 முதல் கூகுள் தரும் 'பாஸ்கீ' இன்னும் சுலபம். ஃபோனைத் திறக்கும் கைரேகையோ பின் நம்பரோதான் சாவி. போலித் தளத்தில் ஏமாந்து தட்டிக்கொடுக்க அதில் எழுத்தே கிடையாது.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரே ஒரு வேலையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்: பேக்கப் கோடுகள். டூ-ஸ்டெப்பைப் போட்டதும் எட்டு இலக்கத்தில் பத்து கோடுகளை கூகுள் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். ஃபோன் தொலைந்த அன்று உங்களைக் காப்பாற்றுவது இவைதான். பிரின்ட் எடுத்து அந்த பீரோவிலேயே வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோனில் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை.

கணக்கு ஏற்கெனவே போயிடுச்சா?

பதறி ஐந்து கருவியில் ஐம்பது முறை முயல வேண்டாம். இதற்கு முன் அந்த மெயிலைத் திறந்த ஃபோன் அல்லது கம்ப்யூட்டர், அதே பிரவுசர், வழக்கமாக இருக்கும் வீடு அல்லது அலுவலகம். அங்கே உட்கார்ந்து ரெக்கவரி பக்கத்தைத் திறங்கள். ஞாபகம் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்டால், பழையதாக இருந்தாலும் கொடுங்கள். அதுவும் ஒரு தடயம். சென்டரில் தொடங்கிய கணக்கு என்றால், வெட்கப்படாமல் அதே சென்டருக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். வேறொருவர் உங்கள் எண்ணை மாற்றிவிட்டிருந்தால், முதல் ஏழு நாள்களுக்குப் பழைய ரெக்கவரி எண்ணை வைத்து மீட்க வாய்ப்பு இருக்கிறது. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பது இங்கே உண்மையிலேயே ஆபத்து.

கணக்கு திரும்பக் கிடைத்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவதுதான் அடுத்த தவறு. உள்ளே வந்தவர், வரும் மெயில்கள் எல்லாம் தனக்கும் ஒரு காப்பி வரும்படி 'ஃபார்வர்டிங்' போட்டிருக்கலாம். வங்கி மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி 'ஃபில்டர்' வைத்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினால் இவை மாறாது. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து இந்த இரண்டையும், கணக்கோடு இணைந்திருக்கும் மற்ற ஆப்களையும் பார்த்து நீக்க வேண்டும்.

'ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்' என்று மட்டும் தேடாதீர்கள். இலவச ஜிமெயில் கணக்கை மீட்டுத்தர கூகுள் எந்த ஃபோன் சேவையும் நடத்தவில்லை. அந்தப் பெயரில் கிடைக்கும் எண்ணுக்குப் பின்னால் இருப்பவர், ஃபோனில் ஏதோ ஓர் ஆப்பை இறக்கச் சொல்லி, உங்கள் திரையை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்யக் காத்திருக்கும் ஆள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

யார் பொறுப்பு?

இத்தனையையும் தனி ஆளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமா என்ற கேள்வி இருக்கிறது. கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையே ஒரு மெயிலில் தொங்கும்போது, பேசுவதற்கு ஒரு மனிதரைக்கூட வைக்காத நிறுவனத்தைக் கேட்டாக வேண்டும். அதைவிட முக்கியமாக, மெயில் ஐடி இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்று ஆக்கிய அரசுத் தளங்களைக் கேட்க வேண்டும். 2018-ல் இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போனது நல்ல மாற்றம். கிராமத்திலிருந்து பெட்டியோடு சென்னைக்கு வந்து காத்திருக்கும் அலைச்சல் அதனால் குறைந்தது. ஆனால், அந்த மாற்றத்தின் முதல் படியான மெயில் ஐடியைத் தொடங்கும் வேலை அப்படியே பிரவுசிங் சென்டரின் கையில் விடப்பட்டது.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலான பள்ளிகளில் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. ப்ளஸ் டூ வகுப்பில், பொதுத்தேர்வுக்கு முன்பே, ஒரே ஒரு பீரியட் போதும். மாணவர் தன் கையாலேயே மெயில் தொடங்கி, அப்பா அல்லது அம்மாவின் எண்ணை ரெக்கவரியில் போட்டு, பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். விண்ணப்பத் தளங்களும் 'இந்த மெயிலின் ரெக்கவரி எண் உங்கள் குடும்பத்தினருடையதா?' என்று தமிழில் ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்கு விடலாம். சென்டரில் அந்தக் கேள்வி திரையில் வந்தால், "தம்பி, அப்பாவுக்கு ஒரு ஃபோன் போட்டு ஓடிபி கேளு" என்று சென்டர்காரரே சொல்லிவிடுவார்.